அத்தியாயம் 6: ‘செமிலிங்’ என்பதில் எத்தனை எழுத்து?

முதல் தடவை நான் செய்த தவற்றிலிருந்து தொடங்குகிறேன். மலேசியாவில், கெடா மாநிலத்தின் செமிலிங் பக்கம் ஒரு சிறிய மண்டபத்தில் 13 பிள்ளைகள் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தார்கள். லிப்ரே ஆபிஸ் என்ற திறந்தமூல அலுவலக மென்பொருளின் மூலநிரலை அவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். வெண்பலகையில் பெட்டி பெட்டியாக வரைந்து, எந்தப் பிரிவு எதன்மேல் நிற்கிறது, எது எதை அழைக்கிறது என்று மூன்று மணி நேரம் பேசினேன். எல்லாரும் தலையாட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த சனிக்கிழமை நான்கு பேர்தான் வந்தார்கள். வந்தவர்களிலும் ஒருவர்கூட ஒரு கோப்பைத் திறந்து பார்த்திருக்கவில்லை.

பிள்ளைகளிடம் குறையில்லை. பல மில்லியன் வரிகள் கொண்ட ஒன்றை மேலிருந்து காட்டினால், அதன் அளவு மட்டும்தான் மனதில் நிற்கும். தோட்டத்தில் புதிதாக வேலைக்கு வருகிறவருக்கு யாரும் தோட்டத்து வரைபடத்தைக் கொடுப்பதில்லை. ஒரு நிரையைக் காட்டி, “இங்கேர்ந்து ஆரம்பி” என்பார்கள். மற்ற நிரைகள் நடந்து நடந்து தெரிந்துகொள்ள வேண்டியவை. நிரலுக்கும் அப்படி ஒரு நிரை வேண்டும். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, அதில் புதியவரோடு எப்படி நடப்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

எடுத்துக்காட்டாக லிப்ரே ஆபிஸையே வைத்துக்கொள்கிறேன். அதற்குத் தமிழ் இடைமுகம் உண்டு. நம் பிள்ளைகள் அதில் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். பயன்படுத்திப் பழகாத ஒரு மென்பொருளின் உள்ளே ஒருவரை அழைத்துப்போகாதீர்கள். வெளியில் அது என்ன செய்கிறது என்று தெரியாதவருக்கு, உள்ளே பார்ப்பது எதுவும் பதிலாகத் தெரியாது.

முதல் சந்திப்புக்கு முன்பே முடிய வேண்டிய வேலை

நிரலைத் தன் கணினியில் கட்டி ஓடவைக்கும்வரை ஒருவர் பார்வையாளர்தான். லிப்ரே ஆபிஸை முதல் முறை முழுதாகக் கட்ட, சாதாரண மாணவர் மடிக்கணினியில் பல மணி நேரம் ஆகும். வட்டில் பல பத்து ஜிகாபைட் இடம் வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே வைஃபையில் மூலநிரலை இறக்கத் தொடங்கினால் அந்த நாள் அதோடு போய்விடும்.

ஆகவே ஒரு வெளிவட்டு வாங்குங்கள். கிட் களஞ்சியத்தின் முழுப் பிரதி ஒன்றை அதில் வைத்திருங்கள். சார்புநூலகங்களின் மூலப் பொதிகளையும் அதிலேயே சேருங்கள்; கட்டும்போது அவற்றைத் தனியே இறக்கவேண்டியிருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிசிகேஷ் என்ற கருவியை முதலிலேயே இயக்கிவைத்தால் இரண்டாம் தடவை கட்டும் நேரம் வெகுவாகக் குறையும். சந்திப்புக்கு இரண்டு நாள் முன்பு வட்டைக் கைமாற்றிக் கொடுத்து, இரவில் ஓடவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள். காலையில் வரும் பிழைச்செய்தியை அப்படியே படம் எடுத்து அனுப்பட்டும். அதற்கு உடனே பதில் கொடுங்கள். முதல் கட்டுதல் தோற்றுப்போய், இரண்டு நாள் யாரும் பதில் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் புதியவர்களை அதிகமாக இழக்கிறோம் என்பது என் அனுபவம். நிரல் கடினம் என்று விலகிப்போனவர்கள் அதைவிடக் குறைவு.

சி++ பார்த்தே மிரளும் பிள்ளை இருந்தால், அதற்கு முன் ஒரு மதியப்பொழுது ஓப்பன்-தமிழ் நூலகத்தில் செலவழிக்கலாம். பைத்தானில் எழுதப்பட்டது, முத்து அண்ணாமலையும் நண்பர்களும் வளர்த்தது. தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கொடுக்கும் செயற்கூறு அதில் இருக்கிறது. ஒரே உட்காரலில் வாசித்து முடிக்கலாம். பிறகு வரப்போகும் கேள்விக்கு அது நல்ல தயாரிப்பு.

உடைக்க அனுமதி

கித்தாத் தோட்டங்களில் பால் வெட்டப் பழகுகிறவரை, அடுத்து சாய்க்கப்போகும் கிழட்டு மரங்களில்தான் பழகவிடுவார்கள். பட்டைக்குள்ளே இருக்கும் மெல்லிய உயிர்ப்படலத்தில் கத்தி இறங்கிவிட்டால், இளமரமாக இருந்தால் அந்த இடம் முடிச்சு முடிச்சாகப் புடைத்து, மறுபடி வெட்ட முடியாமல் போகும். கிழட்டு மரத்தில் அந்தப் பயம் வேண்டாம்.

புதியவரின் கணினியில் இருக்கும் பிரதி அந்தக் கிழட்டு மரம். இதை வாயால் சொன்னால் போதாது. முதல் நாளே வேண்டுமென்றே ஒன்றை உடைக்கச் சொல்லுங்கள். லிப்ரே ஆபிஸின் சொற்செயலியான ரைட்டரில் சொற்களை எண்ணிக்காட்டும் உரையாடல் பெட்டி இருக்கிறதல்லவா, அதன் தோற்றம் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெட்டியின் தலைப்பை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதட்டும். அந்தப் பிரிவை மட்டும் மறுபடி கட்டி, ரைட்டரைத் திறக்கட்டும். உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு மென்பொருளில் தன் பெயர் தமிழில் நிற்பதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிறகு கிட்டில் ஒரே கட்டளையால் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிக் காட்டுங்கள். எதை உடைத்தாலும் திரும்பி வர வழி இருக்கிறது என்பது அப்போதுதான் கைக்குப் புரியும்.

கேள்வி

இனி அந்த ஒரு நிரை. ரைட்டரில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, ‘செமிலிங்’ என்று மட்டும் தட்டச்சிடச் சொல்லுங்கள். நாம் வாசிக்கும்போது அது நான்கு எழுத்து: செ, மி, லி, ங். யூனிகோடில் அது எட்டுக் குறியீடுகள், ஏனென்றால் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. யூடிஎஃப்-8 வடிவில் கோப்பில் எழுதினால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், மொத்தம் 24.

4, 8, 24. எண்ணிக்கைப் பெட்டியைத் திறந்தால் இதில் எது வரும்? முதலில் ஆளுக்கொரு ஊகத்தைத் தாளில் எழுதட்டும். பிறகு திறந்து பார்க்கட்டும். விடையை நான் இங்கே எழுதவில்லை, நீங்களும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். அடுத்த கேள்விதான் முக்கியம்: திரையில் தெரியும் அந்த எண், இத்தனை மில்லியன் வரிகளில் எந்த வரியில் பிறக்கிறது?

இந்தக் கேள்வியை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. விடை கண்ணால் பார்க்கக்கூடியது. பாதை இடைமுகத்தில் தொடங்கி, ஆவணத்தின் உட்கருவைக் கடந்து, மொழிக் கையாளுகையின் அடித்தளம்வரை போகிறது. மென்பொருளின் முக்கால்வாசி அடுக்குகளை ஒரே சரடு தொட்டுவிடுகிறது. அதைவிட, இது தமிழ் தெரிந்தவருக்குத்தான் சரியாகத் தோன்றும் கேள்வி. இங்கே புதியவர் கற்றுக்குட்டி இல்லை. எது சரியான விடை என்பதில் அந்தத் திட்டத்தில் பல ஆண்டு வேலை செய்தவரைவிட அவருக்கு அதிகம் தெரியும். அந்த நிமிர்வோடு ஒருவர் உள்ளே நுழைவது பெரிய காரியம்.

சரடைப் பிடித்துப் போவது

தொடக்கம் எப்போதும் திரையில் தெரியும் ஒரு சொல். பெட்டியில் உள்ள ஆங்கிலச் சொல்லை எடுத்து கிட் கிரெப் கட்டளையால் தேடினால் நாம் ஏற்கனவே உடைத்த அந்த எக்ஸ்எம்எல் கோப்பு வரும். அந்தக் கோப்பின் பெயரைத் தேடினால், அதை ஏற்றும் சி++ கோப்பு வரும். அங்கே எண்களைத் தாங்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. அதை நிரப்புவது யார் என்று தேடினால், ‘கவுண்ட்வோர்ட்ஸ்’ என்ற செயற்கூறு வந்து நிற்கும். பெரும்பாலான பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் இங்கே வந்துவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் தேடுவதை நிறுத்தச் சொல்லி, பிழைத்திருத்தியில் அந்தச் செயற்கூற்றின்மேல் ஒரு நிறுத்தம் வைக்கச் சொல்லுங்கள். பிறகு ரைட்டரில் இன்னொரு சொல் தட்டச்சிடட்டும். எண்ணிக்கைப் பெட்டியை யாரும் திறக்கவே இல்லை, ஆனாலும் நிரல் நின்றுவிடும்.

“அண்ணே, நான் இன்னும் மெனுவையே தொடலியே. ஏன் நின்னுச்சு?”

“யார் கூப்பிட்டதுன்னு பாரு தம்பி. கீழேர்ந்து மேலே படிச்சிக்கிட்டு வா.”

அழைப்புத் தடத்தைப் படிக்கும்போது அவருக்கே தெரியவரும்: கீழே நிலைப்பட்டையில் சொற்களின் எண்ணிக்கை எப்போதும் தெரிகிறது, அதைப் புதுப்பிக்க, நாம் சும்மா இருக்கும் இடைவெளிகளில் மென்பொருள் பின்னணியில் எண்ணிக்கொண்டே இருக்கிறது. நான் வெண்பலகையில் அரை மணி நேரம் விளக்கி யாருக்கும் புரியாத சங்கதி இது. ஒரு நிறுத்தம் அதை இரண்டு நிமிடத்தில் புரியவைத்தது. வாசிப்பதால் மட்டும் ஒரு பெரிய நிரல் பிடிபடாது. ஓடுகிற நிரலை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும்.

அங்கிருந்து கீழே இறங்கினால் சொற்களையும் எழுத்துகளையும் எங்கே வெட்டுவது என்று முடிவு செய்யும் பகுதிக்கும், அதற்கும் அடியில் ஐசியூ என்ற பொது நூலகத்துக்கும் போய்ச் சேரலாம். ஐசியூ வரை எல்லாரும் போக வேண்டியதில்லை. பசி உள்ளவர் போகட்டும்.

விசைப்பலகையைத் தொடாதீர்கள்

இதைத் தனித் தலைப்பாகவே எழுதுகிறேன், நான் அதிகம் மீறிய விதி இது. புதியவர் தவறான கோப்பைத் திறக்கும்போது நமக்குக் கை துறுதுறுக்கும். பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். தவறான கோப்பிலிருந்து தானே வெளியே வந்தவருக்கு, அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்பதாவது தெரிந்திருக்கும். அரை மணி நேரம் ஓரிடத்தில் சுற்றிச் சுற்றி வந்தால் மட்டும் வாய் திறக்கலாம், அதுவும் ஒரு கேள்வியாக.

டென்மார்க்கின் பீட்டர் நவுர் 1985-இல் எழுதிய ஒரு கட்டுரையில், நிரல் எழுதுவது என்பது மனதுக்குள் ஒரு கோட்பாட்டைக் கட்டுவது என்று வாதிட்டார். அந்தக் கோட்பாடு எழுதியவர்களின் தலைக்குள் இருக்கிறது. ஆவணங்களால் அதை முழுதாகக் கடத்த முடியாது. அந்த ஆட்கள் கலைந்துபோனால், வரிகள் அப்படியே இருந்தும் நிரல் செத்துப்போகிறது என்றார். புதியவர், தெரிந்தவரோடு சேர்ந்து வேலை செய்தே அதைப் பெற வேண்டும் என்பது அவர் முடிவு. பக்கத்தில் உட்கார்வது அன்புக்காகச் செய்யும் கூடுதல் உதவி என்று சிலர் நினைக்கிறார்கள். நிரல் உயிரோடு இருக்க அதுதான் வழி என்றே நான் நம்புகிறேன்.

நமக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய், எய்ம்ஸ்ட் போன்ற பல்கலைக்கழகத்துக்கு வந்தால் ஆங்கிலம். செமிலிங்கில் என் முன்னால் உட்காரும் பிள்ளையின் தலையில் கணினி தொடர்பான சொற்கள் மூன்று மொழிகளில் சிதறிக் கிடக்கின்றன. ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னால் கேள்வியே வராமல் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாயில் வருகிற மொழியில் கேட்கட்டும். ஆளுக்கொரு நோட்டு கொடுத்து, கேள்வியை வந்தபடியே எழுதச் சொல்லுங்கள், விடை கிடைத்ததும் பக்கத்தில் எழுதட்டும். மொழி ஒரு தடை என்று வெட்கப்படுகிறவர்களிடம் நான் சொல்லும் வரலாறு ஒன்று உண்டு.

பெயர்களுக்கு அடியில் இருப்பது

லிப்ரே ஆபிஸின் மூலநிரலில் நூற்றுக்கு மேற்பட்ட கோப்புறைகள் இருக்கின்றன. பல இரண்டு மூன்று எழுத்துப் பெயர்கள். ரைட்டர் இருப்பது ‘எஸ்டபிள்யூ’ என்ற கோப்புறையில், கணக்குத்தாள் ‘எஸ்சி’யில். ஏன் என்று கேட்காத புதியவர் இல்லை. ஸ்டார்ரைட்டர், ஸ்டார்கால்க். 1985-இல் ஜெர்மனியில் மார்கோ பொரீஸ் என்ற பதின்மவயதுப் பையன் எழுதத் தொடங்கிய மென்பொருளின் பெயர்கள் அவை. 1999-இல் சன் நிறுவனம் அதை வாங்கி, 2000-இல் ஓப்பன் ஆபிஸ் என்று மூலநிரலைத் திறந்துவிட்டது. 2010 செப்டம்பர் 28 அன்று அதிலிருந்து லிப்ரே ஆபிஸ் பிரிந்தது.

பிரிந்தபோது நிரலுக்குள் ஏராளமான குறிப்புரைகள் ஜெர்மன் மொழியில் கிடந்தன. உலகெங்கும் இருந்து வந்த புதியவர்களால் அவற்றை வாசிக்க முடியவில்லை. திட்டத்தை நடத்தியவர்கள் அதையே ‘ஈஸி ஹேக்’ என்ற எளிய வேலைப் பட்டியலில் சேர்த்தார்கள்: ஜெர்மன் தெரிந்தவர், சி++ அதிகம் தெரியாவிட்டாலும், குறிப்புரைகளை மொழிபெயர்த்துத் திருத்தம் அனுப்பலாம். ஜெர்மன் குறிப்புரைகளைத் தேடிப் பிடிக்கும் சிறு நிரலே களஞ்சியத்தில் சேர்க்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில், பல கைகள் சேர்ந்து அதைச் செய்தன. அந்த நிரலை எழுதியவர்களும் ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் அல்ல, தங்கள் மொழியில்தான் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். இதைக் கேட்ட பிறகு பிள்ளைகளின் தோள் இறுக்கம் கொஞ்சம் தளர்வதைக் கவனித்திருக்கிறேன்.

ஒரு வரி ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கக் கற்றுக்கொடுக்க கிட் பிளேம் கட்டளை போதும். எந்த வரியை யார், எப்போது, என்ன காரணம் சொல்லி எழுதினார் என்று காட்டும். ஆனால் பழைய வரிகளில் போய் நின்றால் பெரும்பாலும் 2000 செப்டம்பரில் முட்டி நிற்கும், ‘தொடக்க இறக்குமதி’ என்ற ஒரே குறிப்போடு. அதற்கு முந்தைய 15 ஆண்டுகள் அந்தக் களஞ்சியத்தில் இல்லை. அங்கே மனிதர்களைத்தான் கேட்க வேண்டும்.

கேட்காமல் அழித்தால் என்ன ஆகும் என்பதை, செமிலிங்கிலிருந்து மெர்போக் போகும் வழியில் சொல்லாமல் கடக்க முடிவதில்லை. பூஜாங் பள்ளத்தாக்கில் 1930-களில் தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸ் அகழ்ந்து, எண்ணிட்டுப் பதிவு செய்த தொல்லிடங்கள் பல. கடாரத்தின் பெயரைத் தாங்கும் மண் அது. 2013-இல், அவற்றில் பதினொன்றாம் எண் ‘சண்டி’, அதாவது பழங்கோயிலின் எச்சம், ஒரு வீடமைப்பு வேலைக்காக இடிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி வந்தது. இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தவரின் கண்ணுக்கு அது ஒரு கல் மேடாக மட்டும் தெரிந்திருக்கக்கூடும். பயனற்றது போலத் தெரியும் நான்கு வரியை நீக்கத் துடிக்கும் புதியவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இது யார் வைத்த கல் என்று பார்த்தாயா? பார்த்துவிட்டு, காரணம் செத்துப்போயிருந்தால், தாராளமாக நீக்கட்டும். லிப்ரே ஆபிஸிலும் செத்த நிரலை ஏராளமாக அகற்றியிருக்கிறார்கள், விசாரித்துவிட்டுத்தான்.

முதல் திருத்தம்

சரடைப் பிடித்து நடந்த இரண்டு மூன்று வாரங்களில் புதியவரின் நோட்டு நிறைந்திருக்கும். அதிலிருந்துதான் முதல் திருத்தம் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏறத்தாழ ஒவ்வொரு கோப்புறையிலும் அறிமுகக் கோப்பு ஒன்று இருக்கிறது. அது எங்கே விளங்கவில்லை என்பது புதியவருக்கு மட்டும்தான் தெரியும். ஆறு மாதம் கழித்து அவராலும் அதைப் பார்க்க முடியாது, பழகிவிடும். அந்தக் குழப்பம் ஆறுவதற்குள் இரண்டு வாக்கியங்களாக எழுதி அனுப்பட்டும்.

அதற்குப் பிறகு ஈஸி ஹேக் பட்டியலிலிருந்து ஒன்று எடுக்கலாம். எடுக்குமுன் அந்த வேலையில் வேறு யாரேனும் ஈடுபட்டிருக்கிறார்களா என்று குறிப்புகளைக் கடைசிவரை படிக்க வேண்டும். தன் பங்களிப்பு எந்த உரிமத்தின்கீழ் வருகிறது என்ற அறிவிப்பையும் புதியவர் ஒருமுறை எழுதி அனுப்ப வேண்டும். வாசகம் என்ன சொல்கிறது என்று பக்கத்தில் இருந்து விளக்குங்கள், புரியாமல் எதற்கும் ஒப்புக்கொள்ளப் பழக்காதீர்கள்.

திருத்தம் கெரிட் என்ற சரிபார்ப்புத் தளத்துக்குப் போகும். தானியங்கிகள் லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் அதைக் கட்டிப் பார்க்கும். சில நேரம் நம் திருத்தத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் சிவப்பு விழும். மனிதர்கள் பார்க்கும்போது ‘கழித்தல் ஒன்று’ போடக்கூடும். பள்ளியில் மதிப்பெண் குறைந்தால் வீட்டில் தலைகுனிந்து நின்று பழகிய பிள்ளைகளுக்கு இது எப்படி உறைக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதில் வரும் நாளில் அவர்களோடு இருங்கள். முதல் மறுமொழியைச் சேர்ந்து எழுதுங்கள்: நான் இதை முயன்றேன், இப்படி ஆகும் என்று நினைத்தேன், இப்படி ஆனது. இந்த மூன்று வாக்கியம் எந்த ஆங்கிலத்தில் இருந்தாலும் மரியாதையாகப் பதில் வரும். பதில் வரச் சில நாள் ஆகலாம் என்பதையும் முன்பே சொல்லிவையுங்கள்; மறுமுனையில் இருப்பவர்களில் பலர் தங்கள் சொந்த நேரத்தைக் கொடுப்பவர்கள்.

முதல் திருத்தம் ஏற்கப்பட்டதும் அடுத்த வேலையாகத் தூரத்தில் உள்ள எதையும் கொடுக்காதீர்கள். அதே நிரைக்குப் பக்கத்து நிரை. எழுத்தை எண்ணும் இடம் தெரிந்தவருக்கு, எழுத்தை வரையும் இடம் பக்கம்தான். ‘செ’ என்பதில் முதலில் சேமிக்கப்படுவது ‘ச’, அதன் பிறகு ஒற்றைக் கொம்பு. திரையில் கொம்பு முன்னால் வந்துவிடுகிறது. அதை இடம் மாற்றுவது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம், 2017-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் லிப்ரே ஆபிஸ் அதைத்தான் நம்புகிறது. அது வரையும் வழியை ‘விசிஎல்’ என்ற பிரிவில் தேடிக் கண்டுபிடிப்பது நல்ல இரண்டாம் மாத வேலை.

இன்னொரு பயிற்சியையும் கையில் வைத்திருங்கள். அதற்குப் பக்கத்து ஊர் உதவும். ‘பீடோங்’ என்பதில் உள்ள ‘டோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ட என்ற எழுத்தோடு 3019 (பதின்ம எண்ணில்) என்ற ஒரே குறியீடு, அல்லது அதே எழுத்தோடு 3015, 3006 என்று இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக. யூனிகோட் இரண்டையும் சமம் என்கிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து எழுதிவைத்து, தேடல் பெட்டியில் ஒன்றைக் கொடுக்கச் சொல்லுங்கள். மற்றது அகப்படுகிறதா? அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும், அந்த முடிவை எடுத்த வரியைக் கண்டுபிடித்து அடுத்த சனிக்கிழமை கொண்டுவரட்டும். அன்றைக்கு அவர் பக்கத்தில் புதிதாக வந்த ஒருவரை உட்காரவையுங்கள். நீங்கள் பின்வரிசைக்குப் போய்விடலாம்.